மூன்றாவது ஆணியில் தொங்கிய சட்டை

கிரிசாந்தின் வயிற்றுக்குக் கலண்டர் பார்க்கத் தெரியும் என்று படகுப் பட்டறையில் ஒரு கதை உண்டு. மற்ற நாட்களில் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் குத்தத் தொடங்கும். பதினொன்றரைக்கு நின்றுவிடும். பன்னிரண்டுக்கு ஆள் வந்து சேர்ந்து, தவறவிட்ட நேரத்துக்கும் சேர்த்து மாலை மங்கும்வரை வேலை செய்வான். மூன்று வருடமாக இதுதான் நடப்பு.

பட்டறை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், கடல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அடிபட்ட பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போட்டுப் பூசி மறுபடி கடலுக்கு அனுப்புவது தொழில். முதலாளி ஸெய்னுதீன் ஹாஜியார் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், ஆகவே வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலைநாள். கிரிசாந்தோடு வேலை செய்பவர்கள் இரண்டு பேர். குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் தாஹிர், கிரிசாந்துக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்த குணமணி அண்ணன்.

உண்மையில் அந்த வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஞாயிறு காலையில் கிரிசாந் மனைவி சுதர்சிகாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றில் இருக்கும் ஒரு ஜெப வீட்டுக்குப் போனான். மூன்று வருடத்துக்கு முன் அங்கேதான் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். எடுத்த அதே வாரம், பட்டறையில் கிறிஸ்தவத்துக்கு மாறிய யாரோ ஒருவருடைய கதை வந்தது. "பால்மாவுக்கும் கூரைத் தகரத்துக்கும் வேதத்துக்கு மாறின ஆக்கள்," என்று குணமணி சொல்லிச் சிரித்தார். கிரிசாந்தும் சேர்ந்து சிரித்தான். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது? அன்றைக்கு மூடிய வாய் அப்படியே மூடிக்கிடந்தது.

பொய் சும்மா கிடக்காது, தீனி கேட்கும். வயிற்றுக்குத்துக்கு இரங்கி ஹாஜியார் கிண்ணியாவில் ஒரு யுனானி வைத்தியரிடம் கறுப்பு மருந்து ஒரு போத்தல் வாங்கிவந்து, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். நோயில்லாத மனிதன் ஒரு மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தக் கசப்பைக் குடித்தான். போத்தல் முடிந்தபோது, "கொஞ்சம் பரவாயில்லை ஹாஜியார்," என்று வேறு சொன்னான்.

பட்டறையில் இன்னொரு வழக்கம் இருந்தது. படகு யாருடையதோ அவருடைய முறைப்படி தண்ணீரில் இறங்கும். சைவர்களின் படகு என்றால் தேங்காய் உடைபடும். கத்தோலிக்கர் படகு என்றால் பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். முஸ்லிம்களின் படகு என்றால் ஹாஜியாரே துஆ ஓதுவார். எந்தப் படகானாலும் கடைசிப் பூச்சுப் பூசியவன் படகுக்காரரின் பக்கத்தில் நிற்க வேண்டும், தேங்காய் என்றால் அவன் கையால்தான் உடைய வேண்டும். படகு ஒழுகினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே என்பது குணமணியின் விளக்கம். தாஹிர் பூசிய படகென்றால் மட்டும் தேங்காயை வேறொருவர் உடைப்பார், அவன் கயிற்றைப் பிடிப்பான். அவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் அவனைக் கேட்பதில்லை. கிரிசாந்தைச் சைவன் என்றே எல்லாரும் நினைத்திருந்ததால் அவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கடைசிப் பூச்சு நெருங்கினாலே அவனுக்குக் கை சுளுக்கும், கண்ணில் தூசி விழும், உருளையைக் குணமணியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விடுவான்.

இப்படிப்பட்டவன்தான் நற்செய்தி சொல்லப் புறப்பட்டான்.

ஜெப வீட்டில் பாஸ்டர் இன்பாஸ் ஆறு ஞாயிறு ஒரு வகுப்பு வைத்தார், விசுவாசத்தை மற்றவர்களோடு பகிர்வது எப்படி என்று. முதல் பாடத்துக்குக் கிரிசாந்தால் போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பெரிய படகொன்று இறங்கியது, தள்ள ஆள் வேண்டும், வயிறு குத்த வழியில்லை. இரண்டாம் பாடத்துக்குப் போனபோது எல்லாருக்கும் ரோஸ் நிறத்தில் கைப்பிரதிகள் கொடுத்தார்கள். அதை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதுதான் அன்றைய பாடம். கிரிசாந் பத்துத் தாள்களை வாங்கிச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தான். சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவனுக்கு மெய்யாகவே இருந்தது. தான் என்று தெரியாமல் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தான், அவ்வளவுதான்.

பைபர்த் தூள் பட்டால் இரவெல்லாம் உடம்பு அரிக்கும். அதனால் வேலைக்காரர்கள் வந்ததும் வீட்டுச் சட்டையைக் கழற்றிச் சுவரில் இருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டுப் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். முதல் ஆணி கிரிசாந்துடையது, இரண்டாவது குணமணியுடையது, மூன்றாவது தாஹிருடையது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் நின்ற நேரம், கிரிசாந் ஒரு தாளை இரண்டாம் ஆணிச் சட்டைப்பையிலும் இன்னொன்றை மூன்றாம் ஆணிச் சட்டைப்பையிலும் மடித்து வைத்தான். குணமணியின் சாப்பாட்டுப் பைக்குள்ளும் ஒன்றைச் செருகினான்.

தாஹிர் அன்றைக்கு மூதூருக்கு ஒரு வேலையாகப் போயிருந்தான் என்பதை அவன் மறந்துபோனான். இயந்திரம் ஒன்றைக் கழற்ற இறங்கிய ஹாஜியார், வெறுமையாகக் கிடந்த மூன்றாம் ஆணியில் தன் வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தார்.

சனிக்கிழமை காலை ஹாஜியார் பட்டறைக்குள் வந்தபோது அவருடைய முகம் நன்றாக இல்லை. கையில் அந்த ரோஸ் தாள்.

"இதை ஆர் என்ட சட்டைப்பைக்குள்ள வச்சது?"

"எனக்கும் ரெண்டு வந்தது ஹாஜியார், கை துடைச்சு எறிஞ்சுபோட்டன்," என்றார் குணமணி. கிரிசாந் குச்சவெளிப் படகொன்றின் உள்ளே முழங்காலில் நின்று உருளை உருட்டிக்கொண்டிருந்தான். ஹாஜியார் தொடர்ந்தார்.

"வியாழக்கிழமை இங்க இருந்து நேரா மஃரிப் தொழப் பள்ளிக்குப் போறன். பைக்குள்ள இருந்து தொப்பியை எடுக்கிறன், இது விழுந்து அஸாம் மாஸ்டர்ட காலடியில கிடக்குது. பள்ளி நிர்வாகத்தில இருக்கிற மனுசன். எடுத்துப் படிச்சுப்போட்டு, 'என்ன ஹாஜியார், புதுசா ஏதோ படிக்கிறியள் போல' எண்டு கேட்டார். பத்துப் பேருக்கு முன்னால."

சொல்லும்போதே அவருடைய கண் வாசல் பக்கம் போனது. அங்கே ஜெஸ்மினின் தேநீர்க் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு காஸ் அடுப்பு, வடையும் ரோல்ஸும் வைத்த கண்ணாடிப் பெட்டி. சட்டை மாட்டுகிற சுவருக்குப் பக்கத்திலேயே ஹாஜியார் இடம் கொடுத்திருந்தார். மேசன் வேலைக்குப் போன கணவன் சாரத்திலிருந்து விழுந்து படுத்த நாளிலிருந்து அந்த மேசையில்தான் அந்தக் குடும்பம் ஓடியது. ஜெஸ்மின் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் கறுப்பு நூலில் வெள்ளிக் குருசு. காலையில் அடுப்பைப் பற்றவைக்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போடாமல் ஒருநாளும் தொடங்கியதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பழகிவிட்டது.

"மாதா மேல சத்தியமா நான் இல்லை ஹாஜியார்," என்றாள் ஜெஸ்மின். "எங்கட கோயில் ஆக்கள் இப்பிடித் தாள் குடுக்கிறேல்ல. இது வேற சபை."

"உங்கட சபை, வேற சபை எண்டு எனக்குத் தெரியாது. இதுக்குள்ள வேதக்காரர் எண்டு நீங்க ஒராள்தான். சட்டை தொங்கினதும் உங்கட கடைக்குப் பக்கத்தில. நான் உங்களை நம்பித்தான் இடம் தந்தனான்." ஹாஜியார் தாளை அவளுடைய மேசையில் போட்டார். "திங்கட்கிழமை பின்னேரத்துக்குள்ள சாமான்களை எடுங்க."

கிரிசாந் தலையைத் தூக்கவில்லை. ஹாட்னர் கலந்த ரெசின் பசை கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும், நடுவில் விட்டுவிட்டு எழும்ப ஏலாது. தொழில் தெரிந்த எவரும் அதை ஒப்புக்கொள்வார்கள். அவன் அந்த நியாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழியே இல்லாத இடத்தில் உருளையை மறுபடி மறுபடி உருட்டினான். ரெசின் இறுகிய பிறகும் அவன் எழும்பவில்லை.

பத்து மணிக்கு ஜெஸ்மின் வழக்கம்போல் பால் இல்லாத பிளேன்ரீ கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ட கழுத்தில கிடக்குது, அதால என்னைப் பிடிச்சாச்சு," என்றாள் பொதுவாக எல்லாருக்கும். "ஒளிச்சு வச்சிருக்கிறவருக்கு நல்ல வசதி." பிறகு படகின் விளிம்புக்கு மேலாகக் கிளாஸை நீட்டி, "கிரிசாந் தம்பி, வயித்துக்காக இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறன்," என்றாள்.

அந்தத் தேநீர் யுனானி மருந்தைவிடக் கசந்தது.

மறுநாள் ஜெப வீட்டில் பாஸ்டர் இன்பாஸ் ஒவ்வொருவரிடமும் எத்தனை தாள் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். கிரிசாந் மெல்ல, "மூண்டு," என்றான். பின்வரிசையில் கை தட்டினார்கள். அவனுக்குக் காது சுட்டது.

"முதல் பாடத்துக்கு வராத ஆக்களுக்காக ஒருக்காத் திருப்பிச் சொல்லுறன்," என்றார் பாஸ்டர். கிரிசாந்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. "நற்செய்தி சொல்ல முதல், நீங்கள் ஆர் எண்டு நீங்கள் அறியோணும். நான் கிறிஸ்துவின்ட ஆள். அவ்வளவுதான் அத்திவாரம். வேலை செய்யிற இடத்தில அது தெரியாமல் தாளை மட்டும் குடுத்தால், அது தபால்காரன் வேலை. தபால்காரன்கூட உடுப்புப் போட்டு, ஆரெண்டு காட்டிக்கொண்டுதான் வாறவன்."

சபை சிரித்தது. கிரிசாந் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வகுப்பில் அவன் இதுவரை தவறவிட்ட ஒரே பாடம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் வைத்துச் சுதர்சிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பட்டறையில் தன் விசுவாசத்தைப் பற்றி அவன் வாயே திறந்ததில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மூண்டு வருசம் என்னோட கதிரையில இருந்து பாடினது ஆர்? அங்க வேலை செய்யிறது ஆர்? ரெண்டு பேரோ?"

"வேலை போயிடும், சுதா."

"போகட்டும் எண்டு நான் சொல்லேல்ல. எனக்கும் பயம்தான். ஆனா நாளைக்குப் பின்னேரம் அந்த அக்கா மேசையைத் தூக்கிக்கொண்டு வீட்ட போனா, அதுக்குப் பிறகு நீங்கள் எந்த வாயால ஜெபிப்பீங்கள்?"

திங்கட்கிழமை குச்சவெளிப் படகு இறங்கும் நாள். படகுக்காரர் வேலன் சம்மாட்டியார், கரைவலை வைத்திருப்பவர். வேட்டியும் விபூதியுமாக, மாலையோடும் தேங்காயோடும் நேரத்துக்கே வந்துவிட்டார். குணமணிக்குச் சனிக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண் காட்டும் தவணை இருந்ததால் கடைசிப் பூச்சைக் கிரிசாந்தே பூசியிருந்தான். சுளுக்கவும் தூசி விழவும் இனி நேரமில்லை.

வாசலில் ஜெஸ்மின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சம்மாட்டியார் தேங்காயை நீட்டினார். "இந்தாரும் தம்பி. ரெண்டாப் பிளக்கட்டும்."

கிரிசாந்தின் கை மேலே வரவில்லை.

"எனக்கு ஏலாது ஐயா," என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் வேதக்காரன். மூண்டு வருசமாச்சு."

குணமணியின் வாய் திறந்தபடி நின்றது. சம்மாட்டியார் ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்கேன் முகம் இப்பிடிக் கறுக்குது? தாஹிர் மாதிரிக் கயித்தைப் பிடியும். குணமணி, நீர் வந்து உடையும்," என்று தேங்காயை மறுபக்கம் நீட்டிவிட்டார். மூன்று வருடமாக அவன் நடுங்கிய காரியம் அரை நிமிடத்தில் முடிந்துபோனது.

முடியாதது மற்றது. கிரிசாந் ஹாஜியார் பக்கம் திரும்பினான்.

"உங்கட சட்டைப்பைக்குள்ள அந்தத் தாளை வச்சதும் நான்தான் ஹாஜியார். தாஹிர்ட சட்டை எண்டு நினைச்சு வச்சனான். ஜெஸ்மின் அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. சனிக்கிழமை நீங்கள் கேக்கேக்க நான் படகுக்குள்ளதான் இருந்தனான்."

ஹாஜியார் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வயித்துக்குத்து?"

"பொய், ஹாஜியார். சபைக்குப் போனனான்."

"என்ட கையால மருந்து வாங்கிக் குடிச்சியேடா."

தாளைவிட அந்த மருந்துதான் அவரைச் சுட்டது என்று கிரிசாந்துக்கு விளங்கியது.

படகு தண்ணீரில் இறங்கியது. கிரிசாந் கயிற்றைப் பிடித்தான், மறுபக்கம் தாஹிர் பிடித்தான். எல்லாம் முடிந்ததும் ஹாஜியார் வாசலுக்குப் போய் ஜெஸ்மினிடம், "பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார். ஜெஸ்மின் பேப்பரைப் பிரித்துப் பெட்டியை மறுபடி மேசையில் வைத்தாள். கிரிசாந்தை அவள் பார்க்கவே இல்லை.

"நீ வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலைக்கு வராத," என்றார் ஹாஜியார் அவனிடம். "வெள்ளி ஜும்ஆ முடியிற நேரம் எங்கட பள்ளி வாசலுக்கு வா. வந்து அஸாம் மாஸ்டரிட்டச் சொல்லு. நான் சொன்னா முதலாளி வேலைக்காரனைச் சாட்டுறார் எண்டுதான் நினைப்பினம். வேலைக் கதை அதுக்குப் பிறகு."

வெள்ளிக்கிழமை அவன் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனான். பள்ளிவாசல் எதிரே ஒரு வாகை மரத்தின் கீழ் நின்றான். தொழுகை முடிந்து வெள்ளைத் தொப்பிகள் சாரிசாரியாக வெளியே வந்தபோது அவன் மரத்தோடு ஒட்டிக்கொண்டான். மூன்று பேருக்கு முன்னால் சொல்ல முடியாததை முந்நூறு பேருக்கு முன்னால் சொல்ல வந்திருக்கிறோமே என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஹாஜியார் ஓர் உயரமான முதியவரைக் கூட்டிவந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பது நடையிலேயே தெரிந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்.

"நீங்கள் ஆர் தம்பி?" என்று கேட்டார் அஸாம் மாஸ்டர்.

பாஸ்டரின் முதல் பாடமும் அதே கேள்விதான்.

"என்ட பேர் கிரிசாந். நான் ஒரு கிறிஸ்தவன். ஹாஜியார்ட பட்டறையில வேலை. அந்தத் தாளை அவருக்குத் தெரியாமல் அவர்ட பைக்குள்ள வச்சது நான். அதால அவருக்கு இங்க தலைகுனிவு வந்தது. என்னை மன்னியுங்கோ. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "நம்புறதைச் சொல்லுறது குற்றம் இல்லை. கேக்கிறதும் விடுறதும் எங்கட பாடு. ஆனா திருடன் மாதிரிப் பைக்குள்ள ஏன் வச்சீங்கள்? நல்லது எண்டு நீங்கள் நம்புற ஒண்டை, முகத்தைக் காட்டிக் குடுக்கிறதுக்கு என்ன பயம்?"

"நான் ஆர் எண்டு தெரிஞ்சுபோகும் எண்ட பயம்தான், சேர்."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஹாஜியாரின் தோளைத் தட்டி, "அந்தக் கதை முடிஞ்சுது ஹாஜியார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாஜியார் தன் சின்ன லொறியில் அவனைப் பாலத்தடி பஸ் தரிப்பு வரை ஏற்றிவந்தார். பாலத்துக்குக் கிட்ட லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நான் என்ட மார்க்கத்தில இருக்கிறன், இருப்பன். அது வேற. ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லாமல் சொல்லு. உன்னை அங்க கொண்டுபோனது என்ன? பால்மாவோ?"

பாஸ்டர் படிப்பித்த ஐந்து படிகளில் ஒன்றுகூடக் கிரிசாந்துக்கு ஞாபகம் வரவில்லை. பையில் தாளும் இல்லை.

"பெற்றோல் இல்லாத அந்த வருசம், பட்டறை பூட்டிக் கிடந்ததே ஹாஜியார். அப்ப நான் ஒவ்வொரு நாளும் குடிச்சனான். சுதர்சிகாவுக்குக் கை நீட்டினனான். ஒருக்கா இல்லை, கனதரம். அவ அந்த ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினா. ஒரு ஞாயிறு, அவவைத் தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு வரத்தான் நான் முதல் போனனான். வாசல்ல ஒராள் கதிரை போட்டு, அஞ்சு நிமிசம் இருங்கோ, முடிஞ்சிடும் எண்டு சொன்னார். இருந்தன். உள்ளுக்க அவ பாடிக்கொண்டு நிண்டா. உதடு வீங்கிக் கிடந்தது, நான் அடிச்சது. கலியாணம் முடிச்சு ஆறு வருசம், அவ பாடி நான் கேட்டதில்லை. பாடி முடிய ஜெபிச்சா. எனக்காக. என்ட பேரைச் சொல்லி." அவன் நிறுத்தினான். "எழும்பி இழுக்க ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு அவவில கை வைக்கேல்ல. அவ்வளவுதான் ஹாஜியார்."

இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. ஜெப வீட்டில்கூட இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, மூச்சு மட்டும் இலேசாக வந்தது.

கீழே ஒரு தோணி பாலத்தைக் கடந்து போவதை ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அந்தத் தாளில இல்லையே," என்றார்.

"இல்லை ஹாஜியார்."

பஸ் வருவது தெரிந்தது. கிரிசாந் கதவைத் திறந்து இறங்கினான். ஹாஜியார் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"நாளைக்கு ஏழரைக்கு வா. ஞாயிறு பன்னிரண்டுக்கு வந்தாப் போதும். வயித்துக்குத்து எண்டு மட்டும் சொல்லாத."